பகடை உருட்டிக் கற்ற கணக்கு

மே மாத விடுமுறையில் நம் சமுதாயக் கூடத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் கணக்கு வகுப்பு நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது வாரம் ஒரு பையில் பத்துப் பன்னிரண்டு பகடைகள், கொஞ்சம் சில்லறை நாணயங்கள், வீட்டிலிருந்த பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி எல்லாம் போட்டுக்கொண்டு போனேன். பாடம், நிகழ்தகவு. அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் ஒரு தாயார் கேட்டிருந்தார்: "சார், தப்பா நினைக்காதீங்க. பசங்க ஏற்கெனவே போன்ல ரம்மி அது இதுன்னு பார்த்துட்டு இருக்காங்க. நாமளே பகடையைக் கையில கொடுக்கணுமா?" அதற்குக் கீழே இன்னொருவர், "தருமர் கதை ஞாபகம் இருக்கா சார்?" என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு போட்டிருந்தார்.

கேள்வி நியாயமானது. குழுவில் இரண்டு வரியில் பதில் எழுத முயன்று, எழுதி எழுதி அழித்தேன். இதழில் இடம் கிடைத்ததால் இங்கே சாவகாசமாகச் சொல்கிறேன்.

தருமரை இழுத்தவருக்கு முதலில் பதில். அதே மகாபாரதத்தில் நளனும் இருக்கிறான். அவனும் சூதில்தான் நாட்டை இழந்தான். பிறகு ரிதுபர்ண மன்னனிடம் தேரோட்டியாக இருக்கும்போது, வழியில் நின்ற ஒரு தான்றி மரத்தைக் காட்டி இத்தனை இலை, இத்தனை காய் என்று மன்னன் சொல்கிறான். நளனுக்கு நம்பிக்கை இல்லை. தேரை நிறுத்தி, இறங்கி எண்ணிப் பார்க்கிறான். கணக்கு சரியாக இருக்கிறது. அந்த எண்ணும் வித்தையையும் பகடையின் சூட்சுமத்தையும் மன்னனிடம் சேர்த்தே கற்றுக்கொள்கிறான். அதன் பிறகுதான் திரும்பிப் போய் ஆடி நாட்டை மீட்கிறான். அந்தக் காலத்தில் தான்றிக் கொட்டையைத்தான் சூதுக்கு உருட்டினார்கள் என்பது இங்கே கூடுதல் செய்தி. எண்ணுவதற்கும் சூதுக்கும் ஏதோ உறவு உண்டு என்று அந்தக் கதைசொல்லிக்குத் தெரிந்திருக்கிறது. என்ன கணக்கு என்று மட்டும் கதை சொல்லவில்லை.

கணக்கை எழுதி வைத்தவர்களில் முன்னோடி, 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் இருந்த ஜெரோலாமோ கார்டானோ. தொழில் மருத்துவம். பல ஆண்டுகள் நாள் தவறாமல் பகடை ஆடியதாகத் தன் வரலாற்றிலேயே ஒப்புக்கொண்டவர். பகடையின் ஆறு பக்கமும் சமம் என்றால், நமக்கு வேண்டிய வழிகளை மொத்த வழிகளோடு ஒப்பிட வேண்டும் என்று கண்டுகொண்டார். இன்று பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும் சூத்திரம் கிட்டத்தட்ட அதுதான். 1576இல் அவர் இறந்து, நூல் அச்சேறியது 1663இல். அதற்குள் மற்றவர்கள் முந்திவிட்டார்கள்.

இந்த வரலாற்றை நான் வகுப்புக்குக் கொண்டுபோவதற்கு ஒரு காரணம் உண்டு. நிகழ்தகவில் பிள்ளைகள் செய்கிற தவறுகளை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தால், அதே தவறுகளைப் பெரிய பெரிய அறிஞர்கள் அச்சிலேயே செய்திருப்பது தெரியும். முக்கோணத்தில் தவறு செய்த பையனிடம், "கவலைப்படாதே, பிரான்சின் தலைசிறந்த கணித மேதையும் இப்படித்தான் செய்தார்" என்று என்னால் ஆறுதல் சொல்ல முடியாது. இந்தப் பாடத்தில் முடியும்.

முதல் ஆட்டம் மூன்று பகடை. உருட்டி வரும் எண்களைக் கூட்ட வேண்டும். ஒரு அணிக்கு 9, இன்னொரு அணிக்கு 10. எந்த அணி வேண்டும் என்று கேட்டால் பிள்ளைகள் யோசிப்பதில்லை, இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். அவர்கள் காரணமும் சும்மா இல்லை. 9 வருவதற்கு ஆறு சேர்க்கை: 6-2-1, 5-3-1, 5-2-2, 4-4-1, 4-3-2, 3-3-3. பத்துக்கும் ஆறு: 6-3-1, 6-2-2, 5-4-1, 5-3-2, 4-4-2, 4-3-3. ஆறுக்கு ஆறு, சமம்.

இதே குழப்பம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோவிடம் வந்தது. அனுபவப்பட்ட ஆட்டக்காரர்களுக்கு 9ஐவிட 10 சற்று அதிகம் வருகிறது என்று தோன்றியிருக்கிறது. ஆனால் சேர்க்கைகள் சமமாயிற்றே? தொலைநோக்கியால் வியாழனைப் பார்த்த மனிதர் உட்கார்ந்து, மூன்று பகடையும் விழக்கூடிய 216 வழிகளையும் கணக்கெடுத்தார். 3-3-3 விழ ஒரே வழிதான். 4-3-3 விழ மூன்று வழி, எந்தப் பகடையில் 4 என்பதைப் பொறுத்து. 5-3-1 விழ ஆறு வழி. இப்படிக் கூட்டினால் ஒன்பதுக்கு 25, பத்துக்கு 27. வித்தியாசம் 216இல் இரண்டே இரண்டு. இவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் காகிதமில்லாமல் உணர்ந்த அந்தச் சூதாடிகள் எத்தனை ஆயிரம் முறை உருட்டியிருப்பார்கள், எவ்வளவு விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் கொஞ்சம் பாவமாக இருக்கிறது.

வகுப்பில் இதைச் சாதாரணப் பகடைகளால் விளக்கினால் ஏறாது. சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மூன்று நிறத்தில் பகடை வாங்கி வைத்திருக்கிறேன். நிறம் வந்ததும் 4-3-3 மூன்று விதமாக விழுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது கேரம் ஆட்டம். இரண்டு பேர் ஆளுக்கு 32 ரூபாய் போட்டு ஆடுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் ஜெயிப்பவருக்கு 64 ரூபாயும். ஒருவர் இரண்டு, மற்றவர் ஒன்று ஜெயித்திருக்கும்போது கரண்ட் போய்விட்டது. (நம் குடியிருப்பில் ஜெனரேட்டர் உண்டு என்று ஒரு வாண்டு ஆட்சேபித்தது. அது கரண்டைவிட முதலில் போய்விட்டதாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.) பணத்தை எப்படிப் பிரிப்பது?

பெரும்பாலான பிள்ளைகள் 2:1 என்றார்கள். 1494இல் லூக்கா பாச்சோலி என்ற பாதிரியார் அச்சிட்ட புகழ்பெற்ற கணக்கு நூலிலும் இப்படித்தான், ஜெயித்த விகிதத்தில் பிரி என்று இருக்கிறது. 1556இல் தார்த்தாலியா அதை மறுத்தார். ஒருவர் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்து மற்றவர் ஒன்றும் ஜெயிக்காத நிலையில் ஆட்டம் நின்றால், பாச்சோலி சொன்னபடி மொத்தப் பணமும் ஒருவருக்கே போய்விடுமே, அது என்ன நியாயம்? கேட்டவரிடமும் சரியான விடை இல்லை. இது கணக்கு வழக்கு அல்ல, நீதிமன்ற வழக்கு என்கிற தோரணையில் ஒதுங்கிக்கொண்டார்.

பாச்சோலியின் நூல் வந்து 160 ஆண்டு கழித்து, 1654 கோடையில் பிளேஸ் பாஸ்கலும் பியேர் தெ ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. ஜூலை 29 தேதியிட்ட பாஸ்கலின் கடிதத்தில் இருப்பது நம் கேரம் கணக்கேதான். ரூபாய்க்குப் பதில் பிஸ்தோல் என்ற பொற்காசு, அவ்வளவே. பாஸ்கல் யோசித்த விதம் இது. அடுத்த ஆட்டத்தை முன்னால் இருப்பவர் ஜெயித்தால் அவருக்கு 64. தோற்றால் இருவரும் சமம், அவருக்கு 32. ஆக, எது நடந்தாலும் 32 அவருடையது. அதை எடுத்து வைத்துவிடலாம். மிச்சம் 32 தான் சந்தேகத்தில் இருக்கிறது. அதில் பாதி 16. ஆகவே 48க்கு 16, அதாவது 3:1.

எட்டாம் வகுப்புக்குப் போகப்போகும் ஒரு பெண், அக்காவோடு சும்மா வந்தவள், ஏறக்குறைய இதே வழியில் விடை சொன்னாள். "ஆடினதைப் பார்க்கக் கூடாது தாத்தா, இன்னும் ஆட வேண்டியதைத்தான் பார்க்கணும்" என்றாள். நாற்பது ஆண்டு பாடம் நடத்தி நான் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஃபெர்மா வேறு வழியில் போனார். அதிகபட்சம் இன்னும் இரண்டு ஆட்டம்தானே, அந்த இரண்டையும் ஆடுவதாகவே வைத்துக்கொள்வோம் என்றார். நான்கு விதமாக முடியலாம். மூன்றில் முன்னவர் ஜெயிக்கிறார், ஒன்றில் பின்னவர். இங்கேயும் 3:1. இந்த முறைக்குப் பாரிஸில் ரொபெர்வால் என்ற பேராசிரியர் ஆட்சேபம் எழுப்பினார். முதல் ஆட்டத்திலேயே முடிந்துவிட்டால் இரண்டாவதை ஆடவே போவதில்லை, ஆடாத ஆட்டத்தை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்ற ரகம். சின்ன ஆட்சேபம் இல்லை இது. பாஸ்கல் தன் ஆகஸ்ட் மாதக் கடிதத்தில் இதற்கென்று இடம் ஒதுக்கிப் பதில் சொல்லியிருக்கிறார். ஆட்டத்தை அங்கேயே நிறுத்தினாலும் சும்மா தொடர்ந்து ஆடினாலும் பணம் யாருக்கு என்பது மாறாது. அதனால் தொடர்வதாக எண்ணிக்கொள்வதில் குற்றமில்லை.

பதில் சொல்லி நூறு ஆண்டு ஆயிற்று. 1754இல், பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் நான்காம் தொகுதியில் "பூவா தலையா" பற்றி ஒரு கட்டுரை. எழுதியவர் தலாம்பேர், அன்றைய ஐரோப்பாவின் முன்னணிக் கணித அறிஞர்களில் ஒருவர். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழ வாய்ப்பு என்ன? முதல் முறையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, இரண்டாவது சுண்டலே கிடையாது. ஆக மூன்றே நிலைகள்: தலை, பூ, பிறகு தலை, பூ, மறுபடி பூ. மூன்றில் இரண்டு சாதகம், எனவே 2/3 என்று வாதிட்டார். சரியான விடை 3/4. ரொபெர்வால் தடுக்கி விழுந்த அதே படியில் இவரும் தடுக்கினார்.

வகுப்பில் தலாம்பேருக்காக ஒரு ஆட்டம் வைத்திருக்கிறேன். இரண்டு நாணயம், மூன்று ஆட்டக்காரர். இரண்டும் தலை என்றால் முதலாமவருக்குப் புள்ளி, இரண்டும் பூ என்றால் இரண்டாமவருக்கு, ஒன்று தலை ஒன்று பூ என்றால் மூன்றாமவருக்கு. ஆரம்பத்தில் யாரும் சண்டை போடுவதில்லை, மூன்று பேருக்கும் சமம் என்றே நினைக்கிறார்கள். இருபது முறை சுண்டுவதற்குள் கூச்சல் ஆரம்பித்துவிடும். மூன்றாமவர் ஏமாற்றுகிறார், நாணயத்தில் ஏதோ இருக்கிறது என்பார்கள். இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்றால் எல்லோருக்கும் மூன்றாமிடம்தான் வேண்டும். அப்போது கேட்க வேண்டும்: ஏன் வேண்டும்? அந்தக் கேள்விக்கு அவர்களே எழுதும் பதில் மனதில் நிற்கும். கரும்பலகையில் 1/4, 1/4, 1/2 என்று நான் முதலிலேயே எழுதிப் போட்டிருந்தால் தேர்வு வரை நின்றிருக்கும்.

நம் பிள்ளைகளின் நிலையும் வேடிக்கைதான். மாநிலப் பாடத்திட்டமானாலும் மத்தியப் பாடத்திட்டமானாலும் பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு கடைசிப் பாடத்தில் இருக்கிறது. ஆண்டு முடிகிற அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டு ஓடுகிறார்கள். 52 சீட்டுக் கட்டு பற்றிய கணக்கு நிச்சயம் வரும். இஸ்பேட் பதின்மூன்று, ராஜா ராணி ஜாக்கி சேர்த்துப் பன்னிரண்டு என்று பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டிருக்கிறார்கள். சீட்டைக் கையால் தொட்டதில்லை, வீட்டில் விடமாட்டார்கள். பகடையும் படம்தான். தண்ணீரைப் பார்க்காதவனுக்கு நீச்சலில் எழுத்துத் தேர்வு வைக்கிற கதை.

ஆட்டத்தைப் பாடமாக மாற்றிய முதல் அச்சு நூல் 1657இல் வந்தது. எழுதியவர் ஹாலந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், அப்போது 28 வயது. தன் ஆசிரியரின் புத்தகத்துக்குப் பின்னிணைப்பாகத்தான் அது வெளிவந்தது. சிறிய நூல். கடைசியில் வாசகர் போட்டுப் பார்க்க ஐந்து கணக்குகள். நம் வாட்ஸ்அப் கேள்வியை அவரும் எதிர்பார்த்திருக்க வேண்டும். நுணுகிப் பார்ப்பவருக்கு இது வெறும் விளையாட்டைப் பற்றியதல்ல, ஆழமான ஒரு சிந்தனைக்கு இங்கே அடித்தளம் போடப்படுகிறது என்று புரியும் என முகப்பிலேயே எழுதிவிட்டார். சொன்னது நடந்தது. 1693இல் எட்மண்ட் ஹாலி (வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தவரேதான்) பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்துக்கொண்டு, எந்த வயதுக்காரருக்கு ஆயுள்கால ஆண்டுத்தொகையை என்ன விலைக்கு விற்கலாம் என்று இதே கணக்கில் சொன்னார். நாம் இன்று கட்டும் காப்பீட்டுப் பிரீமியத்தின் மூதாதை அது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மத்தியப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில், பூஃபோன் என்ற பிரபு நாணயத்தை 4,040 முறை சுண்டி 2,048 தலை பெற்றார் என்று ஒரு வரி இருந்தது. நானே பல ஆண்டு அதை அப்படியே வாசித்துவிட்டுப் போயிருக்கிறேன். 1777இல் வெளியான அவருடைய கட்டுரையில் நடந்தது வேறு. முதலாவது, சுண்டியது பிரபு இல்லை, ஒரு குழந்தை! இரண்டாவது, ஆட்டத்தின் விதி என்னவென்றால், வேண்டிய பக்கம் விழும்வரை சுண்ட வேண்டும். விழுந்ததும் ஒரு ஆட்டம் முடிந்தது. அப்படி 2,048 ஆட்டம் ஆட வைத்தார். ஆட்டத்துக்கு ஒன்று வீதம் அந்தப் பக்கம் 2,048 முறை விழுந்தே ஆக வேண்டும். அது முன்பே முடிவான எண். எதிர்ப்பக்கம் 1,992 முறை விழுந்தது மட்டுமே நாணயம் தானாகச் சொன்ன சேதி. புத்தகம் சொன்ன எண்கள் சரி, சொன்ன கதை தலைகீழ்.

பூஃபோன் கொடுத்த பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது. 1,061 ஆட்டங்கள் முதல் சுண்டலிலேயே முடிந்தன. 494 ஆட்டங்கள் இரண்டில், 232 மூன்றில். இப்படிக் குறைந்துகொண்டே வந்து, ஆறு ஆட்டங்கள் ஒன்பதாவது சுண்டல்வரை இழுத்தன. அதாவது அந்தக் குழந்தை ஆறு தடவை, தொடர்ந்து எட்டு முறை எதிர்ப்பக்கத்தையே பார்த்திருக்கிறது. எட்டு முறை ஒரே பக்கம் விழுந்த பிறகு ஒன்பதாவது என்ன விழும் என்று அந்தக் குழந்தையைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும்?

என் பெரியப்பா என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். இந்த மாநிலத்தில் பரிசுச்சீட்டு விற்ற காலத்தில் (2003 ஜனவரியில்தான் தடை வந்தது) அவர் ஒரு நீள நோட்டில் பரிசு விழுந்த எண்களின் கடைசி இலக்கத்தை மட்டும் தேதிவாரியாக எழுதி வைப்பார். "ஏழு வந்து ரொம்ப நாளாச்சுடா, இந்த வாரம் வந்தாகணும்" என்பார். ஏழில் முடியும் சீட்டு தேடி இரண்டு பேருந்து மாறிப் போவார். படிக்காதவர் இல்லை, கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவர். பேரேட்டில் ஒரு பைசா பிசகாது. பெரியம்மாவின் வளையல்கள் ஒவ்வொன்றாகப் போனதும் அந்த நோட்டின் கணக்கில்தான். அவர் சீட்டு வாங்கியதைவிட, அந்த நோட்டை நம்பியதுதான் என்னை உறுத்தும். ஏழு வராத வாரங்களை எல்லாம் ஏழு தனக்குப் பட்ட கடன் மாதிரி வரவு வைத்திருந்தார்.

இதே நோயைப் பிரான்சில் லாப்லாஸ் பார்த்திருக்கிறார். 1795இல் பாரிஸில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவர் நடத்திய பாடங்களில் ஒன்று நிகழ்தகவு. அதை விரித்து 1814இல் சூத்திரங்கள் இல்லாமல் பொதுமக்களுக்காக ஒரு நூலாக்கினார். பிரெஞ்சுப் பரிசுச்சீட்டில் ஒரு எண் நெடுநாள் விழாவிட்டால் கூட்டம் அதன்மேல் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று அதில் எழுதுகிறார். ஆண் குழந்தைக்கு ஆசைப்படும் தகப்பன்கள், அந்த மாதம் ஊரில் பையன்கள் நிறையப் பிறந்துவிட்டால், இனி தனக்குப் பெண்தான் என்று கவலைப்படுகிறார்களாம். பெரியப்பாவின் நோட்டு பாரிஸிலும் இருந்திருக்கிறது.

நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது என்று வாயால் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். "அப்புறம் எப்படி சார் கடைசியில பாதிக்குப் பாதி ஆகுது? ஈடு கட்டினால்தானே ஆகும்?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. பதில், போர்க்காலச் சிறை ஒன்றில் இருக்கிறது. ஜான் கெரிச் தென்னாப்பிரிக்காவில் கணிதம் போதித்தவர். 1940 ஏப்ரலில் டென்மார்க் போயிருந்தபோது ஜெர்மன் படை உள்ளே நுழைந்தது. இவரைப் பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். பொழுது போக வேண்டுமே. சக கைதி ஒருவரோடு சேர்ந்து நாணயத்தைப் பத்தாயிரம் முறை சுண்டிக் குறித்து வைத்தார். போர் முடிந்த பின் 1946இல் அதையே பாடநூலாக எழுதினார்.

அவருடைய எண்களைப் பாருங்கள். 100 சுண்டலில் 44 தலை, பாதிக்கு 6 குறைவு. 1,000இல் 502, பாதிக்கு 2 அதிகம். 10,000இல் 5,067, பாதிக்கு 67 அதிகம். நூற்றில் 6 ஆக இருந்த வித்தியாசம் பத்தாயிரத்தில் 67 ஆகிவிட்டது! யாரும் எதையும் ஈடு கட்டவில்லை. விகிதம் மட்டும் 44 சதவீதத்திலிருந்து 50.67 ஆகிப் பாதியை ஒட்டி வந்துவிட்டது. நாணயம் பழைய கடனை அடைப்பதில்லை. சுண்டல் பெருகப் பெருக, பத்தாயிரத்துக்கு முன் அந்த 67 ஒரு பொருட்டே இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். வகுப்பில் இந்த மூன்று வரியைக் கரும்பலகையில் எழுதியபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

இதைப் பள்ளி வகுப்பில் முறையாகச் செய்து காட்டியவர்களில் ஹங்கேரியின் தமாஷ் வர்கா முக்கியமானவர். (தமாஷ் என்பது அங்கே சாதாரணப் பெயர், நம்மூர் தாமஸ்.) 1963இல் சிறு பிள்ளைகளின் வகுப்பில் சோதனையாக ஆரம்பித்து, விளையாட்டும் கைப்பொருளுமாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். நிகழ்தகவும் அதில் உண்டு. 1978இல் அந்த வழி நாடு முழுக்கப் பாடத்திட்டமானது. அவருடைய ஒரு வித்தை கணித உலகில் பிரசித்தம். வகுப்பை இரண்டாகப் பிரிப்பார். ஒரு பாதி நாணயத்தை 200 முறை சுண்டி எழுத வேண்டும். மறுபாதி சுண்டாமல், சுண்டியது போலவே 200 தலை-பூவைக் கற்பனையாக எழுத வேண்டும். தாள்களைக் கலந்து வாங்கிக்கொண்டு, எது நிஜம் எது பொய் என்று பிரித்துவிடுவார். பெரும்பாலும் தவறுவதில்லை.

ரகசியம் இதுதான். பொய் எழுதும் பிள்ளை தொடர்ந்து நான்கு தலை எழுதியதும் பயந்துபோய்ப் பூ எழுதிவிடும். நிஜ நாணயத்துக்குப் பயமில்லை. 200 சுண்டலில் ஒரே பக்கம் தொடர்ந்து ஆறு முறையாவது எங்காவது ஓரிடத்தில் வந்துவிடும். வராமல் போக வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கும் குறைவு.

நானும் செய்து பார்த்தேன். ஒரு தாளில் மட்டும் ஏமாந்தேன். மற்றதெல்லாம் பிடித்துவிட்டேன். எப்படி என்று சொன்ன பிறகு, போனில் ஆடுவதாக அம்மாவிடம் திட்டு வாங்கும் அந்தப் பையன் கேட்டான், "அப்போ அஞ்சு கேம் வரிசையா தோத்தா, ஆறாவது ஜெயிக்கணும்னு ஒண்ணும் இல்லையா சார்?" ஒன்றும் இல்லை என்றேன். நிகழ்தகவு படித்தவன் சூதாட மாட்டான் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன், கார்டானோவே அதற்கு எதிர்சாட்சி. ஆனால் அந்தக் கேள்வியைப் பெரியப்பா ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்க அவருக்கு யாரும் பகடையைக் கொடுத்து, எண்ணிப் பார் என்று சொல்லவும் இல்லை.

கடைசி வாரம் தாயம். கட்டைக்கு நான்கு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 வழிகள். உருட்டுவதற்கு முன் எந்த எண் அதிகம் விழும் என்று பந்தயம் கேட்டேன் (பந்தயம் கடலை மிட்டாய்). பிறகு எண்ணினோம். மூன்று விழ நான்கு வழி. இரண்டுக்கும் நாலுக்கும் மூன்று மூன்று. தாயத்துக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஆறுக்கு ஒன்று, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு ஒன்று. எங்கள் வீட்டு விதிப்படி ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். அபூர்வமாக விழும் நான்கையும் சரியாகப் பொறுக்கியெடுத்திருக்கிறார்கள் பாருங்கள், எந்தப் பாட்டி எந்தக் கணக்கில் போட்டாளோ. தாயத்துக்கு வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டுத் தடவை உருட்டினால் வந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். எட்டு முறையும் தாயம் விழாமல் போக நூற்றுக்கு 34 வாய்ப்பு இருக்கிறது. காய் இறங்காமல் உட்கார்ந்து அழுத தங்கச்சிகள் எல்லா வீட்டிலும் இருந்திருப்பார்கள்.

அங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது. எங்கள் தாயக்கட்டை என் மாமியார் வீட்டிலிருந்து வந்தது. ஒரு கட்டையின் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கிறது. "இந்தக் கட்டையில ரெண்டு ஜாஸ்தியா விழுது தாத்தா" என்றாள் அந்தச் சின்னப் பெண். தேய்மானமா, தற்செயலா? எத்தனை முறை உருட்டினால் நிச்சயமாகச் சொல்லலாம்? பாசல் நகரத்து யாக்கோப் பெர்னூலி இந்த வகைக் கேள்வியோடு இருபது ஆண்டு மல்லுக்கட்டினார். அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து 1713இல் வெளியான நூலில், மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தைச் சோதனையால் திருப்தியாக நிச்சயிக்க எத்தனை முறை வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். விடை 25,550. கேட்டதும் பிள்ளைகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பெர்னூலி ரொம்பக் கறார், பின்னால் வந்தவர்கள் அதை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள் என்று தேற்ற வேண்டியதாயிற்று.

இப்போது மூன்று பேர் முறை வைத்து ஒரு நோட்டில் உருட்டிக் குறித்து வருகிறார்கள். சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் பித்தளைச் சத்தம் கேட்டால் அதுதான். கேள்வி கேட்ட அந்தத் தாயாரும் ஒரு நாள் வந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, போகும்போது தானும் பத்து முறை உருட்டிக் குறித்துவிட்டுப் போனார். ஒப்பிட்டுப் பார்க்கத் தேயாத கட்டை ஒரு ஜோடி தேவைப்படுகிறது. யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் அலுவலக அறையில் கொடுத்து வையுங்கள். பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்தால் பத்திரமாகத் திரும்பி வரும்.